கடப்பாறையோடு கட்டிய துப்பாக்கி

ஆயுதச் சட்டம் என்றதும் வழக்கறிஞர்களாகிய எங்கள் கை நேராக 25ஆம் பிரிவைத்தான் புரட்டும். தண்டனை அங்கே இருக்கிறது. கட்சிக்காரர் முதலில் கேட்பதும் அதைத்தான். ஆனால் 1959ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில், தண்டனைக்கு வெகு முன்னால், 13ஆம் பிரிவின் உட்பிரிவு ஒன்றில், பயிர் காக்கும் குடியானவரை மனத்தில் வைத்து நாடாளுமன்றம் எழுதிய ஒரு வரி இருக்கிறது. உண்மையாகவே பயிரைக் காப்பதற்காக, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்றுக்கு இந்தியக் குடிமகன் உரிமம் கேட்டால், அதை அதிகாரியின் விருப்பத்துக்கு விடாமல், வழங்கியாக வேண்டும் என்று அது சொல்கிறது. பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் பங்கம் வரும் என்றால் மறுக்கலாம். அதற்கு 14ஆம் பிரிவு இடம் தருகிறது. அதே 14ஆம் பிரிவு, போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எவருக்கும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்றும் அதிகாரியின் கையைக் கட்டுகிறது. ஏழைக் குடியானவருக்கு இதைவிடத் தெளிவாக ஒரு சட்டம் எப்படிப் பேசும்? இந்த இரண்டு வரிகளையும் நான் மனப்பாடமாகச் சொல்லக் காரணம், நெல்லிவாசல்நாட்டைச் சேர்ந்த ஒரு கல்கட்டு வேலைக்காரரின் வழக்கு.

ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று நாடுகள். ஒவ்வொன்றும் சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்களின் தொகுப்பு. பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்று குறிக்கப்படுகிற மக்கள்; வெளியார் அவர்களைக் கவுண்டர் என்று அழைப்பது வழக்கம். சாமை, கேழ்வரகு, தினை, பள்ளத்தில் கொஞ்சம் நெல், வீட்டோரம் பலா, புளி. விளைச்சல் ஆண்டு முழுவதற்கும் போதாது. அதனால் மற்ற மாதங்களில் கீழ்நாட்டுக் கூலி வேலை, கேரளம், கர்நாடகம் என்று எஸ்டேட் வேலை, உள்ளூரில் ரோட்டு வேலை. என் கட்சிக்காரர் மலைப்பாதையோரத் தடுப்புச் சுவருக்குக் கருங்கல்லை உளி வைத்துப் பிளந்து அடுக்குகிறவர். கல்லைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்லிவிடுவார் என்று அவருடைய மேஸ்திரியே பின்னாளில் சாட்சிக் கூண்டில் நின்று சொன்னார்.

2016இல் புதிய ஆயுத விதிகள் வந்த பிறகு, திருப்பத்தூர் தனி மாவட்டமாவதற்கு முன் நடந்தது இது. தகவல் கிடைத்துப் போலீஸ் ஜீப் அந்த வேலையிடத்துக்கு வந்தது. பாதையோரத்தில் வேலையாட்களின் தூக்குப் பாத்திரங்களும் சட்டைகளும் வைத்திருந்த இடத்தில் ஒரு நீளமான சாக்குச் சுருள் கிடந்தது. அவிழ்த்தால் உள்ளே ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. கூடவே ஒரு துணிப்பையில் கரிமருந்தும், சில ஈயக் குண்டுகளும், கொஞ்சம் கேப்பும். காலையில் அதே சுருளிலிருந்துதான் கடப்பாறையை உருவி எடுத்துக்கொண்டு அவர் வேலைக்கு இறங்கியிருந்தார். யாருடையது என்று கேட்டதும் கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டு, என்னுது சாமி, என்று முன்னால் வந்தார்.

வேலையிடத்துக்கு எதற்குத் துப்பாக்கி என்பதுதான் எல்லோரும் கேட்ட கேள்வி. நானும் கேட்டேன். அவருடைய சாமைக் கொல்லை வீட்டுக்கு எதிர்த்திசையில், வேலையிடத்தைத் தாண்டி இருந்தது. கதிர் முற்றும் நாட்களில் பொழுது சாயும்போதே பரணில் ஏறியாக வேண்டும். வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் கிடையாது. வழக்கமாகக் கூரைக் கோரைக்குள் செருகி வைக்கிற பொருளை அப்போது வீட்டில் வைக்கவும் பயம். தேடுதல் நடக்கிறது என்று பேச்சு. வீட்டிலோ பேரப்பிள்ளைகள் பரணையெல்லாம் ஏறி விளையாடும் வயதில். ஆகவே கடப்பாறையோடு சேர்த்துச் சாக்கில் சுற்றி, இரண்டு இடத்தில் கயிறு கட்டி, தோளில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்து, மாலையில் அப்படியே கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

காட்டுப்பன்றி வரும் கொல்லையைப் பார்க்காதவர்களுக்கு அந்த அவசரம் புரியாது. தனியாக வராது, கூட்டமாக வரும். தின்பதைவிட உழுது புரட்டிப் போடுவது அதிகம். விதைப்பு முதல் அறுப்பு வரை பட்ட பாடு ஒரே இரவில் மண்ணோடு போய்விடும். தகரம் தட்டினால் சில நாள் ஓடும், பிறகு பழகிக்கொள்ளும். தீப்பந்தமும் அப்படித்தான். மின்வேலி போடுகிறவர்கள் மனிதரையே கொன்றுவிட்டுச் சிறைக்குப் போகிறார்கள். அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியை வைத்தால் பக்கத்து வீட்டு மாடு வாய் சிதறிச் சாகிறது. வெறும் மருந்தைக் கெட்டி வெடித்தால் அந்தச் சத்தத்தில் இரண்டு மூன்று இரவுக்குப் பன்றி அண்டாது என்று அவர் சொன்னார். பையிலிருந்த ஈயக் குண்டுகளைப் பற்றிக் கேட்டபோது மழுப்பவில்லை. நெருங்கி வந்தால் சுடுவேன் என்றார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது தனிக் குற்றம் என்பதை அவருக்கு விளக்கிச் சொன்னேன். அந்தக் குற்றச்சாட்டு வழக்கில் இல்லை; சுட்டதற்குச் சாட்சியும் இல்லை.

குற்றப்பத்திரிகையில் இரண்டு பிரிவுகள். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்ததற்கு 25(1பி)(ஏ). அன்றைக்கு அதற்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. கூடவே 26ஆம் பிரிவு. அரசு ஊழியருக்குத் தெரியக் கூடாது என்ற எண்ணம் வெளிப்படும்படி, மறைவாக அந்தக் குற்றத்தைச் செய்தால் ஏழாண்டு வரை தண்டனைக்கு அது இடம் தருகிறது. வெறுமனே வைத்திருப்பது ஒன்று, ஒளித்து வைத்திருப்பது அதைவிடப் பெரிது என்ற இந்தப் பாகுபாட்டில் நியாயம் இருக்கிறது. ரயிலிலும் பேருந்திலும் ஆயுதத்தைப் பதுக்கிக் கடத்துகிறவனுக்காக எழுதிய பிரிவு அது. கொல்லைக் காவலுக்குப் போகும் கூலிக்காரர் மீது அது வந்து விழுந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

விசாரணை தொடங்குமுன் அவருடைய உறவினர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்து ஒரு வழி சொன்னார். சாக்கு பொதுவான இடத்தில்தானே கிடந்தது, பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிற இடம்தானே, என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன? போலீசிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்பதையும் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சட்டத்தில் இந்த யோசனைக்குக் கொஞ்சம் இடம் உண்டு. கையில் இருக்க வேண்டியதில்லை, ஆனால் அது அங்கே இருப்பது தெரிந்திருக்க வேண்டும், அதன் மேல் ஆதிக்கமும் இருக்க வேண்டும். அப்போதுதான் உடைமை என்று 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்திருக்கிறது. பொது இடத்தில் கிடந்த சாக்கின் மேல் யாருக்கு ஆதிக்கம் என்று நான் வாதாடியிருக்கலாம். கட்சிக்காரர் சம்மதிக்கவில்லை. "நான் இல்லன்னா வேற யாரையாச்சும் புடிப்பாங்க சாமி. அவனுக்கும் புள்ள குட்டி இருக்குது," என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆகவே என் முழு பலத்தையும் 26ஆம் பிரிவின் மேல் வைத்தேன். அரசு வழக்கறிஞரின் வாதம் எளிமையானது: சாக்கில் சுற்றியதே மறைத்ததற்குச் சாட்சி. நான் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளை எடுத்து வைத்தேன். உரிமம் பெற்றவர்கூடப் பொது இடத்தில் துப்பாக்கியை உறையிலோ பையிலோ வைத்து, முழுவதும் மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்று 32ஆம் விதி சொல்கிறது. தோளில் தொங்கவிட்டு ஊருக்குக் காட்டிக்கொண்டு போவதைத்தான் விதி தடுக்கிறது. மூடி எடுத்துச் செல்வது ஒருவருக்கு ஒழுங்கு என்றால், இன்னொருவருக்கு அதுவே கள்ள எண்ணத்தின் முழுச் சாட்சியாகிவிடுமா?

நடுவர் உடனே மடக்கினார். உரிமம் உள்ளவருக்கான விதியின் நிழலில் உரிமம் இல்லாதவர் எப்படி ஒதுங்க முடியும் என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். விதியின் பாதுகாப்பை நான் கேட்கவில்லை, மூடியிருந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்து எண்ணத்தை முடிவு செய்யலாகாது, மற்றச் சூழ்நிலைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றேன். மேஸ்திரியின் சாட்சியம் அங்கேதான் கைகொடுத்தது. தினமும் காலையில் எல்லோர் முன்னிலையிலும் அந்தச் சுருளை அவிழ்த்துத்தான் கடப்பாறையை எடுப்பார். துப்பாக்கி உள்ளே இருப்பது வேலையாட்கள் அனைவருக்கும் தெரியும். அரசுப் பேருந்தும் வனத்துறை வண்டியும் போகிற பாதையோரத்தில்தான் அது நாள் முழுக்கக் கிடக்கும் என்று அவர் சொன்னார். ஒளிக்க நினைக்கிறவனுக்கு நாலு பக்கமும் காடு இருக்கிறதே! ஐயத்தின் பலனைத் தந்து 26ஆம் பிரிவிலிருந்து நடுவர் விடுவித்தார்.

25ஆம் பிரிவில் வாதாட அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை. இந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடர, 39ஆம் பிரிவின்படி மாவட்ட நடுவரின், அதாவது ஆட்சியரின், முன்அனுமதி வேண்டும். அந்த ஆணை முறையாக இருந்தது. சட்டப்படி அதில் குறை சொல்ல முடியாது. துப்பாக்கி வேலை செய்யும் நிலையில் இருக்கிறது என்று நிபுணர் சொல்கிறார், உரிமம் இல்லை என்று காவல்துறை சொல்கிறது, ஆகவே அனுமதி. எனக்கு உறுத்தியது வேறு. உரிமம் வழங்குகிறவரும் ஆட்சியர்தான், வழக்குக்கு அனுமதி தருகிறவரும் ஆட்சியர்தான். ஒருவர் மீது வழக்குத் தொடரலாமா என்று அந்த மேசையில் யோசிக்கிறபோது, இவர் கேட்டிருந்தால் 13ஆம் பிரிவுப்படி உரிமம் பெறத் தகுதியானவர்தானா என்ற கேள்வியையும் அங்கேயே கேட்டுவிடலாம். கேட்கும்படி சட்டம் சொல்லவில்லை. முன்அனுமதி என்ற தடையை நாடாளுமன்றம் எதற்காக வைத்தது என்று யோசித்தால், இப்படிப்பட்ட மனிதர்களைப் பிரித்துப் பார்க்கத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதை வாதமாகவும் வைத்தேன். உரிமம் பெறும் தகுதி வேறு, உரிமம் வேறு என்று நடுவர் சொன்னார். சட்டப்படி அவர் சொன்னது சரி. கட்சிக்காரர் விண்ணப்பம் கொடுத்திருந்தாரா என்று நடுவர் கேட்டார். இல்லை என்றுதான் நான் சொல்ல முடிந்தது.

ஏன் இல்லை? முதல் சந்திப்பிலேயே, "கவுண்டரே, பர்மிட் கேட்டு எப்பவாவது எழுதிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டிருந்தேன். துப்பாக்கிக்கு மலைக்காரனுக்குப் பர்மிட் தருவார்கள் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. விண்ணப்பம் போனால் அருகிலுள்ள காவல் நிலையத்தின் அறிக்கையைக் கேட்டுத்தான் ஆட்சியர் முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். துப்பாக்கி வேண்டும் என்று கேட்டு எழுதினால், ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருக்கிறது என்று தானே காட்டிக்கொடுத்ததாகாதா என்று அவர் என்னைக் கேட்டார். அந்தப் பயத்துக்கு என்னிடம் ஆறுதலான பதில் இல்லை. பயிர்ப் பாதுகாப்பு என்றால் நிலத்துக்குக் காகிதம் வேண்டும். காட்டையொட்டித் தலைமுறையாக உழுகிற நிலத்துக்குப் பட்டா இல்லாதவர்கள் மலையில் ஏராளம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உரிமை தருகிறது. அந்தக் காகிதம் கைக்கு வந்து சேர்வது தனிக் கதை. போதாததற்கு, மாவட்டத் தலைநகர் அப்போது வேலூர். ஒரு மனு கொடுக்க ஒரு நாள் கூலி போதாது.

விசாரணைக்கு வந்த ஒரு நாள், நீதிமன்ற வராந்தாவில் அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. குடகுப் பக்கம் காபிப் பழம் பறிக்கப் போயிருக்கிறார். "அங்க தொர வூட்ல செவுத்துல மாட்டி வச்சிருக்காங்க சாமி. அவங்களுக்கும் பன்னிதான், எங்களுக்கும் பன்னிதான்." அவர் பார்த்தது சரிதான். குடகர்களுக்கும், அங்கே ஜம்மா என்ற பழைய மானிய முறையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கி உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. வெள்ளையர் காலத்தில் வந்த சலுகை; 1959ஆம் ஆண்டுச் சட்டம் 1962இல் நடைமுறைக்கு வந்த பின் 1963இல் மறுபடி அறிவிக்கப்பட்டது; 2019இல் மேலும் பத்தாண்டுக்கு நீட்டப்பட்டது. எதிர்த்துத் தொடுத்த வழக்கையும் 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. குடகர்களின் மரபை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது பண்டிகையோடும் பிறப்போடும் சேர்ந்தது. துப்பாக்கியை நம்பிக் கொடுத்தால் ஒரு மலை நாடு கெட்டுப்போய்விடாது என்பதற்கு அது சாட்சி என்று மட்டும் சொல்கிறேன். ஜவ்வாது மலைக்காரருக்கு விலக்குகூட வேண்டாம். ஏற்கெனவே எழுதியிருக்கிற உரிமம் கிடைத்தால் போதும்.

அரசு வழக்கறிஞர் தண்டனை பற்றிய வாதத்தில் ஒன்று சொன்னார். மலையில் நாட்டுத் துப்பாக்கியால் சாகிறவர்கள் பெரும்பாலும் மலைக்காரர்கள்தான். இருட்டில் புதர் அசைந்தால் பன்றி என்று சுட்டு, விடிந்து பார்த்தால் அண்ணன் மகனாக இருக்கும் என்றார். உண்மை. இப்படி நடந்த மரணங்கள் தொடர்பான வழக்குகளில் நானே ஆஜராகியிருக்கிறேன். ஊர்தோறும் போலீஸ் கூட்டம் போட்டு, தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று சொல்வதும், அதை நம்பி மக்கள் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து பொது இடத்தில் போட்டுவிட்டுப் போவதும் அதனால்தான். அந்த முயற்சியை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்தத் துப்பாக்கி ஏன் அவ்வளவு ஆபத்தானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீதிமன்ற மேசையில் சான்றுப் பொருளாக வைத்திருந்ததை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். குழலும் கட்டையும் சேரும் இடத்தில் கட்டை பிளந்திருந்தது. செம்புக் கம்பியைச் சுற்றி, அதன் மேல் சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கியிருந்தார். குதிரை தேய்ந்து, இழுத்தால் சில சமயம் தானே விழுந்தது. நல்ல கொல்லர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார். எந்தக் கொல்லர் தொடுவார்? உரிமமின்றித் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதும் குற்றம், அதுவும் வைத்திருப்பதைவிடப் பெரிய குற்றம். அன்றைக்கே மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை. ஆகவே தேய்ந்த குதிரையோடும் வெடிப்பு விட்ட கட்டையோடும் அது கூரையில் கிடக்கும். உரிமம் இருந்திருந்தால் அதற்கு ஓர் எண் இருக்கும், யார் கையில் இருக்கிறது என்று கணக்கு இருக்கும், பழுது பார்க்க உரிமம் பெற்ற கடை இருக்கும், பேரப்பிள்ளைகள் எட்டாத இடத்தில் தைரியமாகப் பூட்டி வைக்கவும் முடியும். அரசு வழக்கறிஞர் சொன்ன அந்தச் சாவுகளைத் தடுக்கிற வழி 13ஆம் பிரிவிலேயே இருக்கிறது என்றுதான் நான் அன்று வாதாடினேன், இன்றும் நம்புகிறேன்.

குறைந்தபட்சத் தண்டனைக்கும் கீழே இறங்க, போதிய, சிறப்பான காரணங்களை எழுதிவைத்து இறங்கலாம் என்று 25ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு ஓர் அதிகாரம் தந்திருந்தது. நடுவர் அதைப் பயன்படுத்தினார். முன்வழக்கு எதுவும் இல்லை, துப்பாக்கியில் மருந்து கெட்டியிருக்கவில்லை, பிடிபட்டபோது தாமே முன்வந்தார், பயிர்க் காவலைத் தவிர வேறு நோக்கம் காட்டப்படவில்லை என்று ஒவ்வொன்றாக எழுதினார். விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்த நாட்களே தண்டனை, சிறு அபராதம், துப்பாக்கி பறிமுதல். அந்த நீதிமன்றத்தில் அதைவிட நல்ல முடிவு கிடைத்திருக்காது.

ஆனாலும் அவர் தண்டிக்கப்பட்டவர். இனி முறையாக உரிமம் கேட்டாலும் அந்தத் தீர்ப்புதான் முதலில் எதிரே நிற்கும். ஜாமீனில் வெளியே வருவதற்குள் சாமையைப் பன்றி முடித்திருந்தது. அடுத்த ஆண்டு கொல்லையில் பாதியைத் தரிசாக விட்டுவிட்டு, வீட்டையொட்டிய பகுதியை மட்டும் விதைத்தார். கல்வேலை இருக்கும் வரை சாப்பாட்டுக்குக் குறையில்லை என்றார்.

2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் மலைக்குக் கிட்டே வந்தது. அடுத்த மாதமே ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, உரிமமின்றி வைத்திருப்பதற்கான சிறை இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை என்றானது. பழுது பார்க்கும் கொல்லருக்கு ஏழாண்டில் தொடங்கி ஆயுள் வரை. 13ஆம் பிரிவின் அந்த வரியில் கை வைக்கவில்லை. அது அப்படியே இருக்கிறது. 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிகளைச் சுட வனத்துறைக்கு அனுமதி என்று தமிழக அரசு அறிவித்தபோது, மலையிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், ஒரு கிலோமீட்டருக்குள் கூடவே கூடாது என்று விளக்கினேன். சுற்றிலும் காப்புக்காடு இருக்கிற ஊர்க்காரருக்கு அதில் என்ன பயன் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

நாட்டுத் துப்பாக்கி வழக்குகள் இன்னும் வருகின்றன. கைதானவருக்கு ஜாமீன் நிற்க அண்ணன், தம்பி, மாமன் என்று இரண்டு பேராவது மலையிலிருந்து இறங்கி வருவார்கள், கையில் பட்டா நகலோடும் வரி ரசீதோடும். அவர்கள் மீது வழக்கில்லை. நிலத்துக்குக் காகிதம் இருக்கிறது. ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியதும், பயிர்ப் பாதுகாப்பு உரிம விண்ணப்பத்தையும் அதே மேசையில் நிரப்பி, 13, 14 ஆகிய இரண்டு பிரிவுகளையும் மேற்கோள் காட்டி ஒரு மனுவும் இணைத்துக் கொடுக்கிறேன். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்றும் சொல்லி அனுப்புகிறேன்.